ஆமையைக் கொல்வது காலமா?

மன்னார்த் தீவின் கரையில் ஆமையொன்று செத்து ஒதுங்குவது புதிய காட்சியன்று. காகம் முதலில் கண்ணைக் கொத்தும். பிறகு நாய்கள் வரும். இரண்டு மூன்று நாளில் ஓடு மட்டும் மணலில் கிடக்கும். அவ்வாறு ஒதுங்கிய ஒரு பேராமையின் அருகே சில காலத்துக்கு முன் நான் நிற்க நேர்ந்தது. முன்துடுப்பில் வலைக்கயிறு வெட்டிய வடு இருந்தது. உடன் வந்திருந்த நண்பர் ஒருவர், நன்கு படித்தவர், அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதற்கு ஏன் இத்தனை கவலை? இதைவிடப் பெரிய பல்லிகளெல்லாம் கடலில் வாழ்ந்து மறைந்துபோயின. திரயாசிக் யுகத்துக் கடற்பிராணிகளுக்காக இன்று யார் அழுகிறார்கள்? தோன்றியது அழியும், அது இயற்கையின் நியதி. மனிதன் பிழைக்க வேண்டாமா?"

நண்பரின் சொற்களை அவரோடு விட்டுவிடலாம் என்றால் விடலாம். ஆனால் இதே வாதத்தை நான் அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன்; மேடைகளில் கேட்டிருக்கிறேன்; ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். கடலை வாரிச் சுருட்டுகிறவர்களுக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறு கிடையாது. முன்பு நம் பாட்டன்மார் "தலைவிதி" என்றார்கள்; இன்று படித்தவர்கள் "இயற்கை நியதி" என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லும் போதனை மாறவில்லை. பழைய விதிவாதம் சாத்திரத்தைத் துணைக்கழைத்தது. புதிய விதிவாதம் விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்கிறது. ஆகவே, அந்த விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

திரயாசிக் யுகம் என்பது சுமார் 25 கோடி 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 20 கோடி 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு காலப் பகுதி. அந்தக் காலத்தில் மன்னார்த் தீவும் இல்லை. மன்னார் வளைகுடாவும் இல்லை. பாக்கு நீரிணையும் இல்லை. இன்று இலங்கை என்றும் இந்தியா என்றும் மடகாஸ்கர் என்றும் அந்தார்ட்டிக்கா என்றும் நாம் பெயரிட்டழைக்கும் நிலங்கள் யாவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் ஒட்டிக் கிடந்தன. புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவைப் பகுதியின் பாறைகளில், அடுத்த யுகமான ஜுராசிக் காலத்துச் செடிகளின் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. அக்காலத்தில் அங்கே நிலம் இருந்தது என்பதற்கு அவை சான்று. மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரை நம் கிணறுகளுக்கு நீர் தரும் சுண்ணாம்புக்கல்லோ, மிக அண்மைக் காலமான மயோசின் யுகத்தில் ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. எனவே மன்னார் மண்ணைத் தோண்டித் திரயாசிக் கடற்பிராணியின் எலும்பைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். பழம்பெருமை பேசுவதற்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகளை நம் பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ஆசைக்கும் இங்கே இடமில்லை.

ஆனால் எலும்பைத் தேடாமல் கண்ணைத் திறந்து கடலைப் பார்க்கிறவன் ஏமாற மாட்டான். திரயாசிக் யுகத்தின் வாரிசு ஒன்று இன்றும் மன்னார்க் கடலில் மூச்சு வாங்கத் தலை தூக்குகிறது. அதுதான் ஆமை.

2008ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகளும் அவர்தம் தோழர்களும் ஓர் அரிய கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில், சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடற்படிவுப் பாறைகளில் ஓர் ஆமை கிடைத்திருந்தது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு முழம். இன்றைய எந்த ஆமைக்கும் பல் கிடையாது. அதற்குப் பல் இருந்தது. வயிற்றுப் புறத்தில் முழு ஓடு இருந்தது. முதுகிலோ ஓடு இல்லை, அகன்று விரிந்த விலா எலும்புகள் மட்டுமே இருந்தன. "பல்லுள்ள, அரை ஓட்டு ஆமை" என்று பொருள்படும்படி அதற்கு ஒடொன்டோகெலிஸ் செமிடெஸ்டேசியா எனப் பெயரிட்டார்கள். 2018இல் அதே பகுதியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சுமார் 22 கோடி 80 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, இரண்டு மீற்றருக்கும் மேல் நீளமான அந்தப் பிராணிக்கு ஆமையின் அலகு தோன்றியிருந்தது. ஓடு மட்டும் தோன்றவேயில்லை. அதற்கு எயோரிங்கோகெலிஸ் என்று பெயர்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் குழந்தைகள் கதையில் கேட்கும் ஆமை பிறக்கும்போதே முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு வந்தது. விஞ்ஞானத்தின் ஆமையோ அந்த வீட்டை எலும்பு எலும்பாக, பல லட்சம் தலைமுறைகளின் உயிர்ப் போராட்டத்தில் கட்டிக்கொண்டது. முதலில் அலகு; பிறகு வயிற்றுக் கவசம்; கடைசியில் முதுகுக் கூரை. அலகு ஒரு கிளையிலும் கவசம் ஒரு கிளையிலுமாக, நேர்கோட்டில் செல்லாத ஒரு நெடும் பாதை அது. எதுவும் ஆயத்தமாக வானத்திலிருந்து இறங்கவில்லை. எதுவும் என்றும் ஒரேபடி இருக்கவுமில்லை. மாற்றத்தை நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

நண்பர் விடமாட்டார். "ஒடொன்டோகெலிஸ் இன்று எங்கே? அழிந்துதானே போயிற்று?" என்பார். ஆம், அந்த இனம் அழிந்தது. ஆனால் அந்தக் குலம் அழியவில்லை. இனங்கள் மறைவதும், அவற்றின் கிளைகள் புதிய வடிவம் பெற்றுத் தொடர்வதும் உயிர் வரலாற்றின் நடை. முழுக் குலமுமே மறைந்துபோன பிராணிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. மீனின் உருவமும் பல்லியின் வம்சமும் கொண்ட இக்தியோசார்கள் திரயாசிக் யுகத்தின் தொடக்கத்தில் கடலில் புகுந்து, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் நீந்தி, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. அவற்றின் பிற்கால வாரிசுகளின் எலும்புகள் நமக்கு அக்கரையிலேயே கிடைத்திருக்கின்றன. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் கிரீத்தேசியப் பாறைகளிலிருந்து எடுத்த முள்ளெலும்புகளை வைத்து 1879இல் லிடெக்கர் என்பவர் "இந்திய இக்தியோசார்" என்று பெயரிட்டார். இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தைச் சுற்றிய செம்மண் ஓடைகளில் அந்தப் பழங்கடலின் படிவுகளை யாரும் காலால் மிதித்து நடக்கலாம். 2017இல் குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து, அதனினும் பழைய ஜுராசிக் காலத்து இக்தியோசார் ஒன்றின் ஏறத்தாழ முழு எலும்புக்கூடு, ஐந்தரை மீற்றர் நீளத்தில், வெளியிடப்பட்டது.

இவை ஏன் அழிந்தன? இங்கேதான் விஞ்ஞானமும் விதிவாதமும் பிரிகின்றன. "நியதி" என்று சொல்லி விஞ்ஞானம் எந்த இடத்திலும் வாயை மூடிக்கொள்வதில்லை, காரணத்தைத் தேடுகிறது. திரயாசிக் யுகத்தின் முடிவில் ஏற்பட்ட பேரழிவுக்குக் காரணம் என்ன? ஒன்றாய் இருந்த பெருநிலம் பிளந்து அத்திலாந்திக் சமுத்திரம் பிறக்கத் தொடங்கிய வேளையில், எரிமலைப் பிளவுகள் கக்கிய கரியமிலவாயு காற்றைச் சூடாக்கியது, கடலைப் புளிப்பாக்கியது. சிப்பியைக் கடித்து நொறுக்கி வாழ்ந்த பிளாக்கோடொன்டு என்ற கடற்பல்லிக் குலம் அந்த யுகத்தைத் தாண்டவேயில்லை. இக்தியோசார்களின் இறுதி மறைவைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு, கடலின் தட்பவெப்பம் வேகமாக மாறியதையும், அந்தக் குலத்தின் மாறும் ஆற்றல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்ந்துபோயிருந்ததையும் காரணமாகக் காட்டுகிறது. ஒவ்வோர் அழிவுக்கும் ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சான்று. "எப்படியும் அழியும்" என்பவன் விஞ்ஞானம் பேசவில்லை. விசாரணை நடக்கக் கூடாது என்கிறான்.

சரி, ஆமைக்கு வருவோம். திரயாசிக் யுகத்தின் முடிவிலிருந்த அந்தப் பேரழிவை ஆமைக்குலம் கடந்தது. 6 கோடி 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவின் யுக்கற்றான் கரையில் விண்கல் வந்து மோதியது, டைனோசார்கள் வீழ்ந்தன, கடலில் அப்போது மிஞ்சியிருந்த பெரும் பல்லிகளும் மாண்டன. அதையும் ஆமைக்குலம் கடந்தது. கண்டங்கள் நகர்ந்தன, மலைகள் எழுந்தன, உறைபனி யுகங்கள் வந்து போயின. யாவற்றையும் கடந்து அது மன்னார் வளைகுடாவின் கடற்புல்வெளிக்கு வந்து சேர்ந்தது. எரிமலைக்கும் விண்கல்லுக்கும் தப்பிய குலம், இன்று எதற்குத் தப்ப முடியாமல் கரையில் செத்து ஒதுங்குகிறது?

இழுவை மடிக்கு. பெரும்பாலும் அதற்குத்தான்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான் உண்டு. நம்மைப்போல் அதுவும் காற்றைச் சுவாசிக்க வேண்டும். கடலடியை வாரிக்கொண்டு மணிக்கணக்கில் இழுபடும் மடிக்குள் அது அகப்பட்டால் மேலே வர வழியில்லை. கடலிலேயே வளர்ந்த பிராணி கடலிலேயே மூழ்கிச் சாகிறது. அதே மடி, பேராமை மேயும் கடற்புல்லையும் வேரோடு உழுதுகொண்டு போகிறது. அந்தப் புல்லை நம்பியே நம் மக்கள் கடற்பன்றி என்றும் ஆவுளியா என்றும் அழைக்கும் கடற்பசுவும் வாழ்கிறது. கடற்பசு பதின்மூன்று மாதத்துக்குமேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆமைக் குஞ்சுகள் ஆயிரத்தில் ஒன்றிரண்டே பிழைத்துப் பருவமடையும். அதற்கும் இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். இப்படி நிதானமாகப் பெருகும் உயிர்களை இரவிரவாக அரிக்கும் இயந்திரத்தின் முன் நிறுத்திவிட்டு, தோற்றுப்போனால் "இயற்கை நியதி" என்பது எந்த நியாயம்?

இழுவை மடி இயற்கையிலிருந்து வந்ததல்ல. அதற்கு வரலாறு உண்டு. 1952இல் ஐக்கிய நாடுகள் சபையும் நோர்வேயும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளக் கரையில் மீன்பிடி அபிவிருத்தித் திட்டம் ஒன்று தொடங்கியது. ஏழை மீனவனின் உணவும் வருவாயும் உயர வேண்டும் என்பதே அதன் நோக்கமாய் எழுதப்பட்டிருந்தது. ஆனால் இறாலுக்கு அந்நியச் சந்தையில் நல்ல விலை இருக்கிறது என்று தெரிந்ததும் நோக்கம் திசை மாறியது. ஏழையின் உணவு மறந்துபோயிற்று, ஏற்றுமதி எஜமானாயிற்று. அரசுகள் கடன் கொடுத்தன, மானியம் கொடுத்தன, கடலை அறியாத பணம் கடலில் இறங்கியது. தமிழகக் கரையிலும் இழுவைப் படகுகள் நூறு நூறாகப் பெருகின. அக்கரையின் அடிக்கடலை அரித்துத் தீர்த்த பின் அவை இக்கரைக்கு வந்தன.

அந்த வேளையில் இக்கரையின் கடற்றொழிலாளர் எங்கே இருந்தார்கள்? 1983 முதல் 2009 வரை நீண்ட போரின்போது, மன்னாரிலும் வடக்கு முழுவதிலும் கடல் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட பூமியாய் இருந்தது. பாஸ் இன்றிக் கடலுக்குப் போக முடியாது. தூரம் போக முடியாது. பல காலம் போகவே முடியாது. இடம்பெயர்ந்து, படகிழந்து, வலையிழந்து, உறவிழந்து திரும்பி வந்தவர்கள் தங்கள் கடலில் வாரத்துக்கு மூன்று இரவுகள் அக்கரை இழுவைப் படகுகள் மடி இழுப்பதைக் கண்டார்கள். கடன்பட்டு வாங்கிய வலைகள் அறுந்து போயின. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவை மடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது வடக்கின் கடற்றொழிலாளர் இடைவிடாது குரல் கொடுத்ததனால்தான். ஆனால் சட்டம் கடலில் நீந்துவதில்லை. அதை நடைமுறைப்படுத்த மனம் வேண்டும்.

இங்கே ஒரு பொறியைக் குறித்து எச்சரிக்கையாயிருக்க வேண்டும். இதைத் தமிழன் தமிழனுக்குச் செய்யும் துரோகமாகவோ, இந்தியன் இலங்கையனுக்குச் செய்யும் படையெடுப்பாகவோ சித்திரிக்கிறவர்கள் உண்டு. இரு நாட்டு ஆட்சியாளருக்கும் அது வசதியான சித்திரம். இராமேசுவரத்துப் படகில் மடியை இழுப்பவன் யார்? படகின் சொந்தக்காரனா? இல்லை, பங்குக் கூலிக்குச் செல்லும் தொழிலாளி. கடற்படை பிடித்தால் சிறைக்குப் போகிறவன் அவன். துப்பாக்கிக்கு மார்பு காட்டியவனும் அவன். படகு முதலாளியோ கரையில் இறால் எடைக்குக் காத்திருக்கிறான். இழுவை மடி இக்கரையிலும் இல்லாமலில்லை; நம் சம்மாட்டிமாருள்ளும் அதற்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. பிரிக்கும் கோடு 1974இலும் 1976இலும் கடலில் வரைந்த எல்லைக்கோடு அல்ல. கடலால் வாழ்கிறவனுக்கும் கடலைத் தின்று கொழுக்கிறவனுக்கும் இடையே ஓடும் கோடு அது; அது இரு கரைகளையும் ஊடறுத்துச் செல்கிறது.

இன்னொரு பொய்யையும் இதே மூச்சில் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆமை குறைந்ததற்கு ஏழை மீனவனின் நாக்கே காரணம் என்று குளிரூட்டிய அறைகளில் அறிக்கை எழுதுவோர் இருக்கிறார்கள். நம் மக்களைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. ஆமையிறைச்சியை உண்டோம், முட்டையைத் தோண்டினோம். கடற்பன்றி இறைச்சி கிடைத்த நாள் வாடிகளில் விருந்து நாளாய் இருந்தது. யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாய் அறுத்து விற்ற கொடுமையை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராய் இருந்த எமேர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்திருக்கிறார். அது நாம் நாணத்தக்க செயல். சட்டம் அதைத் தடுத்தது முற்றிலும் சரி. இன்றும் கள்ளமாக அதைச் செய்கிறவனுக்காக நான் பரிந்து பேசவில்லை.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். ரெனன்ற் எழுதிய அதே காலத்தில் இலண்டன் மாநகரின் விருந்து மேசைகளில் ஆமைச் சாறு பெருமைக்குரிய பண்டமாய் இருந்தது. அதற்காகவே கப்பல் கப்பலாய் உயிராமைகள் சமுத்திரம் கடந்தன. அழுங்காமையின் ஓடு சீப்பாகவும் சிமிழாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் செல்வர் வீடுகளுக்குப் போயிற்று. யப்பான் அந்த ஓட்டை இறக்குமதி செய்வதை நிறுத்தியது 1992இன் முடிவில்தான். பல தலைமுறைகளாய் உண்டும் கரைவாசி ஆமையை ஒழிக்கவில்லை. தூரதேசத்துச் சந்தை சில தலைமுறையில் அதை ஒழிப்பின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. பசிக்கு ஓர் அளவுண்டு, இலாபத்துக்கு அளவில்லை.

மன்னார்க் கடல் இந்தப் பாடத்தை முன்பே ஒரு தடவை கற்றிருக்கிறது. அரிப்புக் கரையின் முத்துக்குளிப்பு உலகறிந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. வருவாயைக் கண்டு மயங்கிய குடியேற்ற அரசு, 1906இல் முத்துப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனி ஒன்றுக்குத் தாரைவார்த்தது. 1907க்குப் பிறகு பார்களில் சிப்பியில்லை. சில ஆண்டுகளில் கம்பனியும் கலைந்துபோயிற்று. சிப்பிப் படுகைகள் இயற்கையாகவே பெருகியும் அருகியும் வருவன என்பது மெய். அதை அறிந்திருந்தும், பெருகிய ஆண்டில் வாரி எடுத்து, அருகிய ஆண்டுக்கு ஒன்றும் விடாமற் செய்ததுதான் மனிதர் செயல். பங்குதாரர் நட்டக்கணக்கு எழுதி மூடிவிட்டார்கள். குளியாட்களின் கணக்கை எழுதியவர் யார்?

வடக்கே இன்னும் கொடிய உதாரணம் இருக்கிறது. 1741இல் பேரிங் என்ற கடலோடியின் கப்பல் உடைந்து வடபசிபிக் தீவொன்றில் ஒதுங்கியபோது, உடன் சென்ற இயற்கை நூலறிஞர் ஸ்ரெல்லர் அங்கே ஒரு பெருங் கடற்பசுவைக் கண்டு எழுதினார். நம் ஆவுளியாவின் உறவுப் பிராணி அது; உருவத்தில் பன்மடங்கு பெரியது. அந்தக் குறிப்பைப் பின்பற்றி, மென்மயிர்த் தோலுக்காகக் கடல்நாய் வேட்டைக் கூட்டங்கள் வந்தன. கடற்பசு அவர்களுக்கு இறைச்சியாயிற்று. 1768க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. அறிந்து 27 ஆண்டுகளில் ஓர் இனம் முடிந்தது! இக்தியோசார் 15 கோடி ஆண்டுகளில் கண்ட முடிவையும் இந்த 27 ஆண்டு முடிவையும் ஒரே சொல்லால், "அழிவு" என்று அழைப்பது மொழியின் வறுமை. ஒன்றை அழிந்தது என்போம். மற்றதை அழித்தது என்போம். தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறுபாடு தெரியாத தமிழாசிரியர் உண்டோ?

"மனிதன் பிழைக்க வேண்டாமா?" என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். ஆனால் எந்த மனிதன்? கடற்புல் அழிந்தால் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர இடமில்லை; சிறுவலைக்காரனின் அடுப்பு எரியாது. ஆமையைக் கொல்லும் அதே மடிதான் அவனையும் கொல்கிறது. இரண்டு சாவுக்கும் கையொப்பம் ஒன்றே.

புதிய ஆபத்துகளிலும் அதே கையொப்பம் தெரிகிறது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியது. பிளாத்திக்கு மணிகள் கரையெங்கும் குவிந்தன. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் அதற்காக நூறு கோடி டொலர் நட்டஈடு விதித்தது. அதே ஆண்டு மே மாதம் கேரளத்துக்கு அப்பால் இன்னொரு கப்பல் மூழ்கியது. அதன் பிளாத்திக்கு மணிகள் அலையோடு வந்து இலங்கையின் வடமேற்குக் கரையிலும் படிந்தன. திரயாசிக் முடிவில் எரிமலை கக்கிய அந்தக் கரியமிலவாயுவை இன்று புகைபோக்கிகள் கக்குகின்றன. ஆமை முட்டையிலிருந்து ஆண் பிறப்பதும் பெண் பிறப்பதும் மணலின் வெப்பத்தைப் பொறுத்தது. மணல் சூடானால் பெண்ணே பிறக்கும். அவுஸ்திரேலியாவின் வடகிழக்குப் பவளத்திட்டுப் பகுதியில் இளம் பேராமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்ணே என்று 2018இல் ஆய்வாளர் கண்டார்கள். எரிமலைக்குப் புத்தியில்லை, மன்னிக்கலாம். புகைபோக்கிக்கு உரிமையாளன் உண்டு.

செய்யக் கூடியது என்ன? முதலாவது, இரு கரையிலும் இழுவை மடி ஒழிய வேண்டும். இக்கரையில் சட்டம் இருக்கிறது, செயல் வேண்டும். இரண்டாவது, மடியை விட்டு வரும் தொழிலாளிக்கு மாற்றுத் தொழில் வேண்டும். 2017இல் இந்திய அரசு பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றுவதாக அறிவித்தது. நிறைவேறியது அதில் ஒரு சிறு பங்கே. கூலியாளை நடுக்கடலில் விட்டுவிட்டு முதலாளிக்கு மானியம் கொடுக்கும் திட்டம் வேறெப்படி முடியும்? மூன்றாவது, இழுவை முற்றாக ஒழியும்வரை எங்கெங்கு அது நடக்கிறதோ அங்கெல்லாம் ஆமை தப்பும் சாதனம் கட்டாயமாக வேண்டும். மடிக்குள் சாய்வாய்ப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டமே அது. இறால் கம்பியிடையே புகுந்து போகும். ஆமை கம்பியில் முட்டி மேலுள்ள வாசலால் வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்கேற்ப அதை வடிவமைத்து நெடுநாளாயிற்று. ஒரு கம்பிச் சட்டத்துக்குச் செலவிட மறுக்கும் தொழில்தான் "இயற்கை நியதி" பற்றி நமக்குப் போதிக்கிறது! நான்காவது, கடலைப் பற்றிய முடிவுகளில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு அதிகாரம் வேண்டும். 2025இல் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது எழுப்பிய கேள்வியின் சாரமும் இதுவே: எங்கள் மண்ணைப் பற்றி எங்களைக் கேளாமல் முடிவு செய்ய நீங்கள் யார்?

கடைசியாக, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் இங்கிலாந்தின் சோமர்செற் கரையில் பதினொரு வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, தந்தையோடு நடந்துபோகையில் ஓர் எலும்புத் துண்டைக் கண்டெடுத்தாள். அது திரயாசிக் யுகத்தின் இறுதியில் வாழ்ந்த இக்தியோசாரின் தாடை. உடல் நீளம் சுமார் 25 மீற்றர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2024இல் அந்தப் பிராணிக்கு இக்தியோதைத்தன் என்று பெயரிட்ட ஆய்வுக் கட்டுரையில் அறிஞர்களின் பெயர்களோடு அவள் பெயரும் இருக்கிறது. கரையில் வளரும் பிள்ளையின் கண் விஞ்ஞானத்துக்கு எத்தனை பெரிய செல்வம்! பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா? கரையில் ஒதுங்கும் ஒவ்வோர் ஆமையையும் அவர்கள் அளக்கட்டும். எந்த இனம், எந்த நாள், உடலில் என்ன காயம் என்று கொப்பியில் எழுதட்டும். பத்து ஆண்டு எழுதினால் அந்தக் கொப்பி ஒரு குற்றப்பத்திரிகையாகும். எந்த அமைச்சரும் அதைத் தள்ளிவிட முடியாது.

அன்று கரையில் கிடந்த பேராமையை நானும் நண்பரும் மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். அவரும் மறுக்காமல் கை கொடுத்தார். துடுப்பில் இறுகியிருந்த கயிற்றை மட்டும் அறுத்தெடுத்து வைத்திருக்கிறேன். பச்சை நைலோன் கயிறு அது. இருபத்திரண்டு கோடி ஆண்டுப் பாறைகள் எதிலும் அந்தக் கயிறு கிடைத்ததாக எந்த விஞ்ஞானியும் இதுவரை எழுதவில்லை.